எழுத்து நின்றுபோனால் கட்டியங்காரனைக் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுகதைப் போட்டி என்று அறிவிப்பு வந்தால் போதும், வேலூரில் வீட்டுக்கு வீடு நோட்டு திறக்கும். கடைசித் தேதிக்குள் அதில் முக்கால்வாசி மூன்றாம் பக்கத்தில் நின்றிருக்கும். எழுத்துப் பயிற்சி நடத்துகிற எங்களுக்கு இது பழகிய காட்சி. நின்றுபோனவரிடம் ஊரே ஒரு யோசனைதான் சொல்லும்: "கொஞ்சம் வெளிய போய்ட்டு வா. நல்ல பாட்டாக் கேளு. கோயில் சிற்பத்தைப் பாரு. தானா வரும்."

பாதிதான் சரி. அவரும் கோட்டைக்குப் போகிறார், அகழி ஓரமாக உட்காருகிறார், சூடாக ரெண்டு பஜ்ஜி சாப்பிடுகிறார், மனசு லேசாகிறது. பஸ் சத்துவாச்சாரி வந்து சேர்வதற்குள் அந்த லேசும் இறங்கிப் போய்விடுகிறது. வீட்டில் அதே மூன்றாம் பக்கம்.

இன்னொரு கலையிடம் போகிறவர் மனநிலையை மட்டும் வாங்கிவந்தால் இதுதான் நடக்கும். அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து வர வேண்டும். எதை முதலில் செய்கிறார்கள், எதைத் தள்ளி வைக்கிறார்கள், நாள் முடிவில் எங்கே நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் நோட்டில் ஏறினால்தான் மறுநாள் உதவும். வடாற்காட்டில் இதற்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.

அதற்கு முன் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தொடக்கமே வராதது ஒரு வகை. பாத்திரம் பாதியில் மரம்போல நின்றுவிடுவது இன்னொரு வகை. எழுதிய வாக்கியமெல்லாம் ஏற்கெனவே எங்கோ படித்தது மாதிரி இருப்பது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு. ராத்திரி 11 மணிக்கு மேல் கண் சொருகுவதால் வராமல் போவது இந்தக் கணக்கில் சேராது. அதற்குத் தூக்கம்தான் மருந்து.

உதாரணத்துக்கு ஒரே கதையை வைத்துக்கொள்வோம். அப்பாவின் நிலத்தைப் பாகம் பிரிக்க அண்ணனும் தம்பியும் காலையில் பதிவு அலுவலகம் போக வேண்டும். தம்பி பெங்களூரிலிருந்து ரயிலேறி, ராத்திரி காட்பாடியில் இறங்கி வந்திருக்கிறான். இருவரையும் திண்ணையில் உட்கார வைத்த எழுத்தாளருக்கு அதற்குமேல் ஓடவில்லை.

இங்கேதான் தெருக்கூத்து உதவும். நம் பக்கத்து வடக்கத்திப் பாணிக் கூத்தில் எந்த வேஷமும் சும்மா நடந்து களத்துக்குள் வந்துவிடாது. இரண்டு பேர் ஆளுயரத் திரையைப் பிடித்துக்கொள்வார்கள். வேஷக்காரர் அதன் பின்னால் நின்று தாளமில்லாமல் விருத்தம் பாடுவார், பிறகு தாளத்தோடு தரு என்கிற பாட்டு. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி ஆடும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். தன் பெருமையைத் தானே பாடி முடித்த பிறகுதான் திரை விலகும். விலகியதும் எதிரே கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நிற்பான். யார் நீங்க, எந்த ஊரு, எதுக்காக இங்க வந்தீங்க? ராஜாவாக இருந்தாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ராத்திரி முழுக்கக் களத்தில் இருக்கிற ஆள் அவன்தான். தூதுவன், காவலாளி என்று சில்லறை வேஷங்களும் பெரும்பாலும் அவன் தலையில்தான் விழும். யாரையும் கேலி செய்கிற உரிமையும் அவனுக்குத்தான்.

இதை அப்படியே காகிதத்துக்கு மாற்றலாம். கதை எழுதும் நோட்டை மூடிவிட்டு வேறு தாள் எடுங்கள். மொத்தம் 25 நிமிடம் போதும். முதல் 5 நிமிடம் திரைக்கு மேலும் கீழும் தெரிவதை மட்டும் எழுத வேண்டும்: தலைமுடி, செருப்பு, கால் விரல். முகம் கூடாது. அடுத்த 10 நிமிடம் பாத்திரம் தன் பெருமையைத் தானே சொல்ல வேண்டும். அடக்கமே கூடாது, கொஞ்சம் பொய்யும் கலக்கட்டும். கடைசி 10 நிமிடம் கட்டியங்காரனின் 7 கேள்விகள். கேள்வி வந்த வேகத்தில் பதில் வர வேண்டும், பேனா நிற்கக் கூடாது.

நம் தம்பியை நிற்க வைத்தால் இப்படிப் போகும்:

"யாரய்யா நீங்க? நெலத்துக்கு வந்தவரா, சோத்துக்கு வந்தவரா?"

"கையெழுத்துப் போட வந்தவன்."

"ஒரு கையெழுத்துக்கு எதுக்கு சாமி இவ்ளோ பெரிய பை?"

"அதுல அம்மா பொடவ இருக்கு."

"செத்துப்போனவங்க பொடவய ஏன் ஊருக்குத் திருப்பி எடுத்தாந்தீங்க?"

இந்த ஐந்தாவது வரியில் கதை திண்ணையை விட்டு இறங்கிவிட்டது. புடவை எப்படி அவனிடம் போனது, அண்ணிக்கு அது தெரியுமா, பைக்குள் இருப்பதை அண்ணன் எப்போது பார்க்கப் போகிறான் என்று மூன்று காட்சிகள் கைக்கு வந்தாயிற்று.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். கட்டியங்காரனைப் போலீஸ் விசாரணைக்காரர் மாதிரி எழுதினால் பாத்திரம் வாயை மூடிக்கொள்ளும். அவன் கோமாளி, கேலிக்குத்தான் மனிதன் உண்மையைச் சொல்லுவான். 'ஆமாம், இல்லை' என்று முடிகிற கேள்விகளும் வீண். கடைசியாக, அந்தப் பெருமைப் பாட்டை வீணாக்க மனமில்லாமல் கதைக்குள் சொருகுகிறவர்கள் நிறைய. அந்தத் தாளில் இருந்து ஒன்றிரண்டு வரி கதைக்குள் போனால் அதிகம். மீதி கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த அணிகலன் மாதிரி: ராத்திரி வெளிச்சத்தில் பொன்னாக மின்னும், விடிந்ததும் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

மூன்றாவது வகைக்கு, எழுதுவதெல்லாம் பழசாகத் தெரிகிறவர்களுக்கு, பல்லவ ராஜா மகேந்திரவர்மனைச் சொல்லுவோம். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டில் (அது தென்னாற்காட்டுப் பக்கம், இன்றைய விழுப்புரம் மாவட்டம்) பாறையைக் குடைந்து கோயில் எடுத்தபோது அவன் வெட்டிவைத்த கல்வெட்டு, இதை எதெது இல்லாமல் செய்தான் என்று நான்கு பொருள்களை விலக்கிப் பேசுகிறது: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல். அதுவரைக்கும் கட்டடம் என்றாலே அந்த நான்கும்தான். நான்கையும் எடுத்துவிட்ட பிறகு மிச்சம் இருந்தது பாறையும் உளியும். நம் பக்கத்து மகேந்திரவாடியிலும் மாமண்டூரிலும் அவன் காலத்துக் குடைவரைகள் நிற்கின்றன. மகேந்திரவாடித் தூணைப் பாருங்கள். அடியிலும் முடியிலும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. அவ்வளவுதான். அதிலேயே கம்பீரம்.

எழுத்தில் இதைச் செய்வது சுலபம். நீங்கள் எழுதிய கடைசி 3 பக்கத்தை எடுத்து, அடிக்கடி சாய்ந்து நிற்கிற முட்டுக்கட்டைகள் நான்கைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பெரும்பாலும் 'போல' போட்ட உவமை, 'நினைத்தான்' 'தோன்றியது', கண்ணீர், பிறகு 'ஆனால்', 'எனவே', 'அதனால்' மாதிரி இணைப்புச் சொற்கள். சுண்ணாம்புக்கு நேரானவை இந்த இணைப்புச் சொற்கள்தான். இந்த நான்கும் வராமல் 300 சொல்லில் அதே காட்சியைத் திரும்ப எழுதுங்கள். அண்ணன் துக்கப்படுகிறான் என்று சொல்ல இனி வழியில்லை. அவன் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கிள்ளித் திண்ணை ஓரத்தில் வரிசையாக அடுக்குகிறான், தம்பி எண்ணுகிறான், பதினொன்று. எதை எழுதலாம் என்று ஓடிக்கொண்டிருந்த மனசு இப்போது தடுப்பைச் சுற்றிப் போக வழி தேடுகிறது. அந்தத் தேடலில் பழைய வாக்கியம் வராது, வழிதான் அடைத்திருக்கிறதே.

இதிலும் தப்புகள் உண்டு. நீங்கள் என்றைக்கும் பயன்படுத்தாத ஒன்றை விலக்கினால் பயன் பூஜ்யம். நான்குக்கு மேல் விலக்கினால் விடுகதை ஆகிவிடும். முழுக்கதையையும் இந்தப் பத்தியத்திலேயே முடிக்கப் பார்க்கிறவர்கள் வீம்புக்குச் செய்கிறார்கள். 300 சொல் எழுதியதும் தடையை எடுத்துவிடலாம்.

அந்த ராஜாவுக்குச் சித்திரகாரப்புலி என்று ஒரு பட்டப்பெயர். ஓவியத்தில் புலி. வடமொழியில் நையாண்டி நாடகமும் எழுதியவன். ஒரு கலையின் வேலைமுறையை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது நமக்கு இன்று வந்த பழக்கம் இல்லை.

தொடக்கமே வராதவர்களைச் சினிமாப் பாட்டுக்காரர்களிடம் அனுப்புவோம். இசையமைப்பாளர் மெட்டைச் சொல் இல்லாமல் 'தன்னன்னா தானானா' என்று தத்தகாரமாகப் பாடிக் கொடுப்பார். பாடலாசிரியர் அந்த நீளத்துக்குச் சொல் உட்கார வைப்பார். சொல் கிடைக்கவில்லையே என்று மெட்டை யாரும் நிறுத்தி வைப்பதில்லை. கதையிலும் முதல் பக்கத்தைத் தத்தகாரமாக எழுதலாம். "தம்பி உள்ளே வந்தான். அண்ணன் ஏதோ தன்னன்னா சொன்னான், குத்தலாக. அண்ணி தானானா கொண்டுவந்து வைத்தாள், சூடாக, சத்தமாக." இப்படியே ஒரு பக்கம், 15 நிமிடத்துக்குள். எவ்வளவு பேச்சு, எவ்வளவு மௌனம், எங்கே வேகம் என்பது தெரிந்துவிடும். ஓட்டைகளை மறுநாள் அடைத்தால் போதும். கணினியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி, 'தன்னன்னா' என்று தேடினால் எல்லா ஓட்டையும் வரிசையாக வந்து நிற்கும்.

கர்நாடக இசையின் நிரவலும் இதோடு சேர்ந்ததுதான். ஒரே வரிச் சாகித்தியம், சொல் மாறாது, தாளத்தில் எடுப்பு, அதாவது வரி தொடங்குகிற இடம், மாறாது, ராகம் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக விரியும். நாம் சொற்களை வைத்துக்கொண்டு வரிசையை மாற்றலாம். தமிழ் அதற்கு இடம் கொடுக்கிற மொழி. "அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தான்." "வெற்றிலை மடித்தான் அண்ணன், திண்ணையில் உட்கார்ந்து." "திண்ணையில் உட்கார்ந்து அண்ணன் மடித்தான் வெற்றிலை." எட்டு முறை எழுதி வாய்விட்டுப் படித்தால், அடுத்த வாக்கியத்தை இழுத்துக்கொண்டு வருகிற ஒன்று தானாகத் தெரியும். எழுதும்போது பின்னணியில் பாட்டு வேண்டும் என்கிறவர்கள் தமிழ்ச் சொல் இல்லாத நாதஸ்வரமோ வீணையோ வைத்துக்கொள்ளட்டும். காதில் ஒரு தமிழ் வரி ஓடினால் கையில் இன்னொன்று ஓடாது.

சிற்பத்துக்கு வருவோம். கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம், கோபுரம் தாண்டி உள்ளே போனதும் இடப்பக்கம். பாயும் குதிரையும் யாளியுமாகத் தூண்கள். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்குகிற கிளிகள். போகிறவர்கள் எல்லாத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டு 10 நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். பார்த்தது போன். எழுத நின்றுபோனவர் ஒரே ஒரு தூணின் முன்னால் உட்கார்ந்து, 20 நிமிடம் பென்சிலால் வரைய வேண்டும். படம் கோணலாகத்தான் வரும், வரட்டும். வரைகிறவர் கண்தான் குதிரையின் வயிற்றுக்குக் கீழே இறங்கும். சவாரிக்காரனை விட்டுவிட்டு, கால்களுக்கு அடியில் என்ன செதுக்கியிருக்கிறார்கள், அந்தச் சின்ன உருவத்தின் கை எங்கே போகிறது என்று பார்க்கும். பெரிய ஆளின் கதையைக் காலடியில் நிற்கிற சின்ன ஆளிடமிருந்து தொடங்கலாம் என்கிற யோசனை அந்த இடத்தில் பிறக்கிறது. நம் கதையில் அது யார்? பைக்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற அண்ணன் மகளாக இருக்கலாம். மத்தியானம் நடை சாத்துவார்கள், காலையிலேயே போய்விடுவது நல்லது.

கோலம் போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஒன்று. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாது, சுற்றிக்கொண்டு போகும். 3 புள்ளி, 2 வரை ஊடுபுள்ளி வைத்தால் மொத்தம் 7 புள்ளி. கதையில் வாசகருக்குத் தெரிய வேண்டிய 7 உண்மைகளைத் தாளில் எழுதி, ஒன்றையும் நேராகச் சொல்லாமல் சுற்றிப்போகிற மாதிரி பத்தி எழுதிப் பாருங்கள். 5 புள்ளி, 3 வரை என்றால் 19 ஆகிவிடும், சிறுகதைக்கு அது ஜாஸ்தி. கோடு மூடவில்லை என்றால் எங்கோ ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது. முழுக்கோலத்தையும் அழிக்காமல் கடைசியாகக் கோடு குறுக்கே வெட்டிய இடத்துக்குத் திரும்பினால் போதும்.

தினமும் உட்காருகிறபோதெல்லாம் முதல் அரைமணி நேரம் வீணாகிறதே என்பவர்கள் ஆரணியிலோ குடியாத்தத்திலோ தறிக்குழிப் பக்கம் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பாவு (தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்) தீர்ந்ததும் நெசவாளர் எல்லா இழையையும் உருவி எடுத்துவிடுவதில்லை. பழைய பாவின் நுனியை, இழைகள் நுழைந்து வருகிற விழுதிலும் (கண்ணிகள்) அச்சிலும் (சீப்புப் பல் போன்ற சட்டம்) அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு முறுக்கிப் பிணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழை. நுனி விடாமல் போனால் ஒவ்வொரு இழையையும் விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் புதிதாகக் கோக்க வேண்டும், அது நாள்கணக்கு வேலை.

எழுதுகிறவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். காட்சியை ஜம்மென்று முடித்துவிட்டு எழுந்துபோகிறார்கள். மறுநாள் நுனி இல்லை. அடுத்து என்ன என்று நன்றாகத் தெரிகிற இடத்தில், வாக்கியத்தின் நடுவில் நிறுத்துங்கள். "தம்பி பையின் ஜிப்பைத் திறந்து" என்று விட்டுவிட்டு, ஓரத்தில் 10 சொல்லுக்குள் குறிப்பு: புடவை இல்லை, அண்ணி முகம், நாய் குரைப்பு. மறுநாள் முதலில் நேற்றைய கடைசி 2 பத்தியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிக்காமல் தொடங்கினால் நேற்று 'வந்தான்' என்று ஓடியது இன்று 'வருகிறான்' என்று ஆகிவிடும், 40ஆம் நம்பர் நூலோடு 80ஐ முடிந்த மாதிரி துணியில் அந்த இடம் தனியாகத் தெரியும். குறிப்பே எழுதாமல் நிறுத்துகிறவர்களுக்கு எங்கள் அனுதாபம். ராத்திரி தெரிந்தது காலையில் தெரியும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் கிடையாது.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் எச்சரிக்கை. வெளியே போய்ப் பார்த்த அன்றைக்கே 30 நிமிடமாவது எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் ஊறட்டும் என்று வைத்தவர்கள் பலர் மிருதங்க வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள், கதை மட்டும் வந்தபாடில்லை. இன்னொன்று, தறியைப் பார்த்துவிட்டு வந்ததும் கதாநாயகன் நெசவாளர் ஆகிவிடுவான், கோயிலுக்குப் போய்வந்தால் சிற்பி. அண்ணன் தம்பி கதை அண்ணன் தம்பி கதையாகவே இருக்கட்டும். கடன் வாங்குவது முறையை, ஆளை இல்லை.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் உள்ளூர்ப் பக்கத்தில் தங்கம் விலை வருகிறது, தியேட்டரில் ஓடும் படம் வருகிறது, மின்தடை அறிவிப்பு வருகிறது. செய்யாறு, வந்தவாசி, ஆரணி, ஆற்காடு பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில் பகலில் பிரசங்கமும் ராத்திரியில் கூத்துமாக வாரக்கணக்கில் ஓடுகிறது. அடுத்த தாலுகாவில் இருப்பவருக்கு அது தெரிவதில்லை. ஊர்ப் பெயர், கொடியேறும் தேதி, எந்த ராத்திரி எந்தக் கூத்து, பாரதப் போரின் முடிவை நடிக்கிற படுகளம் என்றைக்கு என்று நான்கு வரி, ஒரு வாரம் முன்னதாகப் போட்டால் போதும். கோயில் நோட்டீஸில் இவ்வளவும் அச்சடித்தே இருக்கிறது, ஊர்ச் செய்தியாளர் அதைப் படமெடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது.

முதல் தடவை போகிறவர்கள் கர்ண மோட்சம் நடக்கிற ராத்திரியைத் தேர்ந்தெடுக்கலாம். கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பேசிக்கொள்ளும் இடத்தில் இரண்டு பேர் ஒரே வாசலில் நின்று போகிறேன், போகாதே என்பதை எவ்வளவு நேரம் இழுக்க முடியும் என்று பார்க்கலாம். திண்ணையில் நின்றுபோன கதைக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கூத்து சூடு பிடிக்க ராத்திரி 10 மணிக்கு மேல் ஆகும், விடிய விடிய நடக்கும். முன்வரிசை வேண்டாம், முகவீணை என்கிற சின்ன ஊதுகுழலும் ஆர்மோனியமும் உட்காருகிற பக்கமாகக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் திரை பிடிக்கிறவர்கள் எப்போது சைகை பார்க்கிறார்கள் என்பதும் தெரியும். ஒரு போர்வை, கோடு போடாத நோட்டு, இரண்டு பென்சில். பேனா வேண்டாம், பனி இறங்கினால் தாளில் மை ஊறும்.

இப்படிக்கு,
எழுத்துப் பயிற்சி நடத்தும் நண்பர்கள்,
சத்துவாச்சாரி, வேலூர்.